வீட்டிலேயே கார் கழுவித் துடைத்தபோது நடந்தவை: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி, கறுப்பு வண்டி

மைக்ரோஃபைபர் துணி வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா வைத்திருந்த வண்டி. அவர் போன பிறகு ஞாயிறு காலையில் நான் கழுவுகிறேன். ஷாம்புக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி, நிழல் என்று எல்லாம் முறையாகத்தான் செய்தேன். துடைக்க ஆறு துணி. ஒரு தடவை கழுவி முடித்ததும் துணிகளை வாளியிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். அம்மா அவற்றை எடுத்து, குளியல் துண்டுகளோடு மெஷினில் போட்டு, வாசனைக்கு ஊற்றுகிற திரவத்தையும் ஊற்றி, மொட்டை மாடிக் கொடியில் காயவைத்து, மடித்து என் மேஜையில் வைத்திருந்தார்கள். அவ்வளவு மணம், அவ்வளவு மிருது.

அடுத்த ஞாயிறு துடைக்கும்போதே ஏதோ சரியில்லை. துணி தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டு போனது. நான் அழுத்தித் துடைத்தேன். அங்கேதான் தப்பு. அந்தத் திரவம் இழைகளின் மேல் மெழுகு மாதிரி படிந்துவிடும், துணி உறிஞ்சாது. துண்டிலிருந்து வந்த பஞ்சும், கொடியில் காயும்போது விழுந்த வேப்பங்காம்புத் துணுக்குகளும் இழையில் மாட்டியிருந்தன. அத்தனையையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கிரீன் சர்க்கிள் பக்கம் நெரிசலில் நின்றபோது வெயில் பானட்டின் மேல் சாய்வாக விழுந்தது. பானட் முழுக்கச் சிலந்தி வலை. வட்ட வட்டமாக, மெல்லிய கோடுகள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். என்னால் உடனே எடுக்க முடியவில்லை. அப்பா ஒன்பது வருடம் அந்தப் பானட்டின் மேல் சாவிக்கொத்துகூட வைத்ததில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குடியாத்தம்

தம்பி, கோடாவது பாலிஷில் போகும். என் கதையைக் கேளுங்கள்.

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில். உறவில் கல்யாணம், மறுநாள் ஊர்வலத்துக்கு என் வண்டிதான். காலை பதினொரு மணிக்கு வாசலில் நிறுத்திப் போர் தண்ணீரில் கழுவினேன். எங்கள் தெருப் போர் தண்ணீர் எப்படியென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். புது பக்கெட் வாங்கினால் ஒரு மாதத்தில் உள்ளே வெள்ளை ஏறிவிடும். ஒரு பக்கம் ஷாம்பு போட்டு மறு பக்கம் வருவதற்குள் முதல் பக்கம் காய்ந்துவிட்டது. தகடு கை வைக்க முடியாத சூடு.

மறுநாள் பூ அலங்காரம் கட்ட வந்த பையன் கதவைப் பார்த்துவிட்டு, "அண்ணா, சுண்ணாம்பு அடிக்கிற இடத்துல நிறுத்தினீங்களா?" என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அடர்நீல வண்டி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளைப் புள்ளி. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

தண்ணீரில் இருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்புதான் அப்படித் தங்குகிறது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் துணியில் நனைத்து ஒற்றி வைத்து, உடனே கழுவினேன். பெரும்பாலும் போயிற்று. வெயிலில் இரண்டு வாரம் கிடந்த சில புள்ளிகள் பெயின்ட்டையே குழித்துவிட்டன, அவை போகவில்லை.

இப்போது கடைசி அலசலுக்கு ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். காற்றிலிருந்து இறங்குகிற தண்ணீர், உப்பு கிடையாது. ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு வாளி சேர்ந்துவிடும்.

காட்பாடி

குடியாத்தம் அண்ணா சொன்ன ஏசி தண்ணீர் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரைப் பிடித்துக் கழுவக் கிளம்பிவிடாதீர்கள். நான் செய்தேன். வீணாகப் போகிறதே என்று டிரம்மில் சேர்த்து வைத்து ஆறு மாதம் கழுவினேன். மெஷின் நல்ல தண்ணீரைப் பிரித்து டம்ளருக்கு அனுப்பிவிட்டு உப்பையெல்லாம் அந்தக் குழாயில்தான் தள்ளுகிறது. போர் தண்ணீரைவிட மோசம். முன் கண்ணாடியில் வைப்பர் ஓடுகிற வளைவுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பட்டை படிந்து, பிளேடு வைத்துச் சுரண்டும் நிலைக்கு வந்தது. அந்தத் தண்ணீரை வீட்டு வாசல் கழுவ, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். வண்டிக்கு வேண்டாம்.

மழைத்தண்ணீர் பிடிக்க முடிந்தால் அதற்கு ஈடே இல்லை. முதல் மழையை விட்டுவிட வேண்டும், மாடித் தூசி வரும். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு வாளி எடுத்து வைத்தாலும் போர் தண்ணீருக்குத் தேவலை. ஆனால் குடிக்கிற தண்ணீரை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஷாம்பு போடும் முன் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழே நன்றாக அடித்துவிடுங்கள். சித்தூர் ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் வருகிற வண்டியில் படிவது சாதாரண மண் இல்லை, கருங்கல் தூள். பெயின்ட்டின் மேல்பூச்சைவிடக் கடினமானது. தண்ணீர் அடிக்காமல் கை வைத்தால் கோடுதான். ஸ்பாஞ்சும் வேண்டாம், மண்ணைத் தன் முகத்திலேயே பிடித்து வைத்துத் தேய்க்கும். முடி முடியாகத் தொங்குகிற கையுறை வாங்கிக்கொள்ளுங்கள், மண் உள்ளே போய்விடும், அலசினால் இறங்கும்.

என் கதையைவிட இது நீண்டுவிட்டது, சரி, யாருக்காவது பயன்படும்.

ஆற்காடு, வெள்ளை வண்டி

ஆயுத பூஜை. வேறு என்ன சொல்ல.

பானட்டில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், அதன் மேல் பெரிய குங்குமப் பொட்டு. பாட்டி கையால் வைத்தது. விஜயதசமி முடியும் வரை துடைக்கக் கூடாது என்றார்கள், விட்டுவிட்டேன். அன்று ராத்திரி தூறல். காலையில் கதவைத் திறந்தால் குங்குமம் கரைந்து நம்பர் பிளேட் வரை சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. வண்டிக்கு அடிபட்டு ரத்தம் வழிந்த மாதிரி. பாட்டி அதைப் பார்த்து மூச்சு விடாமல் நின்றார்கள்.

தண்ணீர் ஊற்றினேன். மேலே இருந்தது போயிற்று, உள்ளே ரோஸ் நிறத்தில் நின்றது. கடையில் விற்கிற குங்குமம் நிறையச் சாயம் கலந்தது. பக்கத்து லேத் பட்டறை அண்ணன் தின்னர் கொடுத்தார். துணியில் நனைத்து இரண்டு இழுப்பு. கறை போனதோடு பளபளப்பும் போனது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அந்தப் பானட் முன்பு ஒரு முட்டலில் மறுபடி பெயின்ட் அடித்தது. கம்பெனியில் சூட்டில் வேகவைத்த பெயின்ட் தின்னருக்குக் கொஞ்சம் தாங்கும். வெளியில் அடித்தது உடனே இளகிவிடும்.

பொட்டு வைக்கிற இடத்தில் இரண்டு நாள் முன்பே மெழுகு பூசி வைத்துவிடுங்கள். அதைவிட எளிது, முன் கண்ணாடியில் வைத்துவிடுவது. கண்ணாடியில் சாயம் ஏறாது. இந்த வருடம் பாட்டியிடம் அப்படித்தான் கேட்டேன். கண்ணாடியில் வைத்தார்கள், அப்புறம் நான் உள்ளே போன நேரம் பார்த்து பானட்டிலும் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட்டார்கள். அதை நான் துடைக்கவில்லை.

ராணிப்பேட்டை

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். இருபது வருடமாக டிரைவர் வேலை பார்க்கிறேன். பனியன் வேஸ்ட்தான் துணி. ஒரு கிலோ வாங்கினால் மாதக்கணக்கில் வரும். சத்துவாச்சாரி தம்பி சொல்கிற சிலந்தி வலையை வெயிலில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், யார் அப்படிப் பார்க்கிறார்கள்? ஆறு துணி, இரண்டு வாளி, ஏசி தண்ணீர் என்றால் சாதாரண ஆள் வண்டியே கழுவ மாட்டான். கழுவாமல் விடுவதுதான் பெரிய கெடுதல். காக்கா எச்சம் இந்த வெயிலில் ஒரு நாள் இருந்தால் போதும், பெயின்ட்டில் அச்சு விழுந்துவிடும். அதை உடனே ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்கிறவன்தான் வண்டியைக் காப்பாற்றுகிறவன்.

உள்ளே லெதர் சீட்டுக்கு மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் போடுகிறேன். முதலாளி வீட்டம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, புது வண்டி வாசம் வருகிறது என்றார்கள்.

வாணியம்பாடி

ராணிப்பேட்டை அண்ணன் காக்கா எச்சம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தேங்காய் எண்ணெயை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நான் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் பதினேழு வருடம் இருந்தவன்.

என் சித்தப்பா பையன் பழைய வண்டி ஒன்று வாங்கி வந்தான். டிரைவர் சீட்டின் ஓரம், ஏறி இறங்கும்போது உரசுகிற இடம், பிசுபிசு என்று இருந்தது. விரல் வைத்து இழுத்தேன், நிறம் விரலோடு வந்துவிட்டது. முந்தைய ஆள் வருடக்கணக்கில் எண்ணெய் போட்டிருக்கிறார். அந்தப் பழுப்பு விரலை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு நல்ல தோல், அதைப் பதப்படுத்திய கைகளை நினைத்து வயிறு எரிந்தது.

செருப்புக்கும் பெல்ட்டுக்கும் வருகிற தோல் வேறு, கார் சீட்டுத் தோல் வேறு. கார் தோலின் மேல் நிறப் பூச்சு, அதற்கும் மேல் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். நாம் உட்கார்ந்து எழும்போது அந்தத் தூசி உப்புத்தாள் மாதிரி பூச்சை அறுக்கும். தையல் ஓட்டைகளிலும் வெடிப்புகளிலும் மட்டும் எண்ணெய் இறங்கும், அங்கே பூச்சு அடியிலிருந்து பிடிப்பு விட்டுவிடும். பளபளப்பு என்று நாம் நினைப்பது எண்ணெயும் அழுக்கும்தான். புதுத் தோல் இவ்வளவு மினுங்காது, மங்கலாகத்தான் இருக்கும்.

துணி சோப்பும் ஆகாது. தோல் அமிலப் பக்கம் இருக்கிற பொருள், துணி சோப்பு காரம். குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி மென்மையான ஷாம்புவை நுரை மட்டும் எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, நன்றாகப் பிழிந்த துணியால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் தையலில் நிற்கக் கூடாது. பேன்ட் சாயம் ஏறுகிற ஓரத்தை மட்டும் மாதம் ஒரு தடவை, மற்ற இடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். வெயிலில் நிறுத்தினால் முன் கண்ணாடிக்குத் தட்டி வையுங்கள், தோலை வெடிக்க வைப்பதில் முதல் இடம் வெயிலுக்குத்தான்.

இன்னொன்று. லெதர் என்று போட்டுக் கொடுக்கிற சீட் கவர்களில் நிறைய ரெக்ஸின்தான். கவரின் உள்பக்கம் புரட்டிப் பாருங்கள், துணி நெசவு தெரிந்தால் அது பெரும்பாலும் தோல் இல்லை. நாங்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களையே ஏமாற்றப் பார்ப்பார்கள்.

சத்துவாச்சாரி, கறுப்பு வண்டி

ராணிப்பேட்டை அண்ணா, வெயிலில் உற்றுப் பார்க்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். அதனால்தான் எழுதினேன்.

துணிகளைக் காப்பாற்ற முடிந்தது. வெறும் திரவ சோப்பில், வெதுவெதுப்பான தண்ணீரில், தனியாக மூன்று தடவை அலசினேன், மறுபடி உறிஞ்சுகிறது. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அந்த இழை பிளாஸ்டிக் வகை, சூட்டில் கெட்டுவிடும். இஸ்திரியும் கூடாது. நிழலில் காயவைத்து மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிட்டேன், அதுவும் கீறும். சக்கரத்துக்கு எடுத்த துணிக்கு மூலையில் முடிச்சுப் போட்டுவிட்டேன். பிரேக்கிலிருந்து வருகிற இரும்புத்தூள் ஏறிய துணி, எத்தனை அலசினாலும் அது மறுபடி பானட்டுக்கு வரக் கூடாது. தரையில் விழுந்த துணியும் அப்படியே.

பாகாயம்

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் இவ்வளவு பேர் கோடு பற்றிப் பேசுவதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் ஐயா இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல். போன வருடம் ஒரு ராத்திரி அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல். ஆட்டோ கிடைக்கவில்லை. நானும் அவருமாக என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு ஐயா என் வண்டியைத் துடைக்கிறார். காசு கொடுத்தால் வாங்குவதில்லை.

தண்ணீர் இல்லாமல் துடைக்கிறார். காய்ந்த பழைய வேட்டித் துண்டு, அதுவும் அதே துண்டு, ராத்திரி விழுந்த தூசியின் மேலேயே. ஒரு நாள் நான்கு மணிக்கே ரயிலுக்காகக் கீழே இறங்கி மொபைல் டார்ச் அடித்தபோது, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். ஒரு வருடத்துக் கோடுகள். அவர் அப்போதுதான் எழுந்து, "கொஞ்சம் இரும்மா, துடைச்சிட்டுத் தரேன்" என்று துண்டோடு ஓடிவந்தார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியவில்லை. நின்றேன். துடைத்தார். கிளம்பினேன்.

குடியாத்தம்

அக்கா, நேராகச் சொல்ல வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும், ஷாம்பு ரெண்டு சொட்டும், நல்ல துணி ரெண்டும் வண்டிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். "ஐயா, உங்க கைக்குத் தூசி ஒட்டாம இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். செய்வார்.

பாகாயம்

நேற்று ராத்திரி அப்படியே வைத்தேன். நீங்கள் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

இன்று காலை மாடியிலிருந்து பார்த்தேன். புதுத் துணி இரண்டையும் மடித்து நாற்காலியில் பத்திரமாக வைத்திருக்கிறார். வாளித் தண்ணீரை கேட் பக்கத்து வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டார். கையில் அந்த வேட்டித் துண்டு, பின்கதவு வரை வந்துவிட்டார்.