மறுமொழி: யூவி ஸ்டெரிலைசருக்குத் தமிழ்ச்சொல் – ‘நீர்த்தேற்றி’யை முன்மொழிகிறேன்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மீன்தொட்டிகளில் பாசியைக் கட்டுப்படுத்தப் பொருத்தப்படும் யூவி ஸ்டெரிலைசர் என்னும் கருவிக்குப் ‘புறஊதாக் கிருமிநீக்கி’, ‘கிருமியழிப்பான்’, ‘புறஊதா வடிகட்டி’, ‘தெளிவிப்பான்’ என நான்கு சொற்கள் குழுமத்தின் இந்த உரையாடல் இழையில் வந்திருக்கின்றன. முதற்சொல்லுக்கே ஆதரவு மிகுந்திருப்பதைப் பார்க்கிறேன். ஸ்டெரிலைசர் என்ற ஆங்கிலப் பெயருக்கு அது நேரான பெயர்ப்புத்தான். ஆனால் அந்த ஆங்கிலப் பெயரே இக்கருவிக்குப் பொருந்தாத பெயர் என்பது என் கருத்து. வணிகர்கள் இட்ட பெயரின் பிழையைத் தமிழிலும் நிலைநிறுத்திவிட்டால் பிறகு திருத்துவது கடினம். ஆகவே கருவி செய்யும் வேலையை முதலில் விரித்து எழுதிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். மடல் சற்று நீளும், பொறுத்தருள்க.

கருவியின் அமைப்பு எளியது. ஒரு குழாய்க்குள் குவார்ட்ஸ் உறை, அந்த உறைக்குள் பாதரச ஆவி விளக்கு. உறைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே உள்ள சிறிய இடைவெளியில் மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. இந்த விளக்கு உமிழும் கதிரில் பெரும்பகுதி 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில், சி வகைப் புறஊதா எனப்படும் பகுதியில் இருக்கிறது. உயிரணுக்களின் டிஎன்ஏ மிகுதியாக உறிஞ்சும் அலைநீளம் ஏறத்தாழ 260 நானோமீட்டர் என்பதால் இரண்டும் நெருங்கி அமைந்துவிடுகின்றன. உறிஞ்சிய ஆற்றலால் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ள, அந்த இடத்தில் டிஎன்ஏ தன்னைப் படியெடுத்துக்கொள்வது நின்றுவிடுகிறது. அதன்பின் அந்த உயிரணுவால் பெருக முடிவதில்லை. அது உடனே செத்துவிடுகிறது என்று சொல்வதற்கில்லை. கதிர் குறைவாகப் பட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் துணையோடு நொதி ஒன்று அந்தப் பிணைப்பை அவிழ்த்துச் சேதத்தைச் சீர்செய்துவிடுவதும் உண்டு. ‘அழிப்பான்’ என்ற ஈறு எனக்குத் தயக்கம் தருவது இதனால்தான்.

‘கிருமி’ என்ற சொல்லின் மீதுள்ள தயக்கம் இதைவிடப் பெரிது. வீட்டில் மீன் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் இக்கருவியை வாங்குவது நோய்க்காக அன்று. தண்ணீர் பச்சையாகிவிட்டது என்பதற்காக. அந்தப் பச்சை, குளோரெல்லா போன்ற ஒற்றையணுப் பாசிகள் நீரில் பரவிப் பெருகுவதால் வருவது. அத்தகைய நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து இரவு முழுதும் அசையாமல் வைத்துப் பாருங்கள்: மண் கலங்கலாக இருந்தால் காலையில் அடியில் படிந்திருக்கும், பாசியாக இருந்தால் பச்சை பெரிதும் குறையாது. வெள்ளைத் துணியை நான்காக மடித்து அதன்வழி ஊற்றினாலும் துணியில் ஏதும் தங்காமல் பச்சை நீரே கீழே இறங்கும். அணுக்கள் சில மைக்ரான் அளவே இருப்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பஞ்சும் அவற்றைப் பிடிப்பதில்லை. ஆனாலும் இவை கிருமிகள் அல்ல. தமிழில் கிருமி என்றால் நோய் தருவது என்றே மக்கள் கொள்கிறார்கள். இந்தப் பாசியோ மீனுக்குக் கெடுதல் செய்வதில்லை. மீன்குஞ்சு வளர்ப்போர் இதே பச்சை நீரை வேண்டுமென்றே வெயிலில் வளர்த்து, தண்ணீர்ப்பூச்சிகளுக்கும் குஞ்சுகளுக்கும் இரையாக்குகிறார்கள்.

அடுத்து, ‘நீக்கி’. தொட்டியில் வளரும் பாசியில் இருவகை உண்டு. நீரில் மிதந்து திரிவது ஒன்று, கண்ணாடியிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டி வளர்வது மற்றொன்று. இழைபோல் தொங்கும் பாசி, கண்ணாடியில் பச்சைப் புள்ளிகளாகப் படிவது, இலை விளிம்பில் கரும் தூரிகைபோல் வளரும் சிவப்புப்பாசி இனம், புதுத் தொட்டிகளில் பழுப்பாகப் படரும் டயாட்டம் எல்லாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவை இருக்கும் இடத்தை விட்டு நகர்வதில்லை. விளக்கோ குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. எனவே இரண்டும் சந்திப்பதே இல்லை. நீரில் அலையும் அவற்றின் வித்துகளில் சில குழாய்வழி போகலாம், அவ்வளவுதான். ‘பாசிநீக்கி’ என்றோ ‘கிருமிநீக்கி’ என்றோ பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, சுவர்ப்பாசி போகும் என்று நம்பி வாங்கியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து கைவிட்டதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் செய்யவேண்டியிருந்தது விளக்கு நேரத்தைக் குறைப்பதும், மிகையாக இரை போடாதிருப்பதும், தண்ணீரை ஒழுங்காகப் பகுதி பகுதியாக மாற்றுவதும்தான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்திருக்கும் வரை பாசிக்கு உணவு இருந்துகொண்டே இருக்கும். கதிர் அந்த உணவைக் குறைப்பதில்லை. செத்த பாசி அழுகினால் உணவு நீருக்கே திரும்பி வருகிறது.

மிதந்து திரிவனவற்றையும் இக்கருவி முழுமையாக நீக்குவதில்லை. நூறு லிட்டர் தொட்டியில் மணிக்கு இருநூறு லிட்டர் நீர் கருவிவழி ஓடுகிறது என்று கொள்வோம். அரை மணியில் நூறு லிட்டர் ஓடிவிட்டது. எனவே தொட்டி நீர் முழுதும் ஒருமுறை கதிரைக் கண்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் வெளிவரும் நீர் மறுபடி அதே தொட்டியில்தான் கலக்கிறது. கதிர் கண்ட நீரே மீண்டும் மீண்டும் உள்ளே போகிறது. நன்கு கலந்த தொட்டியில், அந்த அரை மணியின் முடிவில் ஏறத்தாழ 63 விழுக்காடு நீர்தான் ஒருமுறையேனும் குழாய்க்குள் போயிருக்கும். 37 விழுக்காடு போயிருக்காது. ஒன்றரை மணி கழிந்தாலும் 5 விழுக்காடு மிச்சம் இருக்கும். மிச்சம் குறைந்துகொண்டே போகுமேயன்றி ஒழியாது. இதற்கிடையே எஞ்சியவை பெருகவும் செய்யும். பாசி ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டித்தாலும் கருவி அதைவிட விரைவாகக் குறைத்துவிடுவதால்தான் சில நாள்களில் நீர் பளிங்காகிறது. அதாவது இங்கே நடப்பது நீக்கம் அன்று, குறைத்து வைத்திருத்தல். கருவியை நிறுத்தினால், காரணங்கள் மாறாதிருக்கும்பட்சத்தில், பச்சை திரும்பி வரும். மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கலன் செய்யும் முழுமையான நுண்ணுயிர் நீக்கத்திற்கும் இதற்கும் ஒரே பெயர் இடுவது சரியன்று.

இதற்கு மாறாக, கடலோர இறால் குஞ்சு பொரிப்பகங்களில், உள்ளே வரும் நீரை ஒரே ஓட்டத்தில் கதிர்க்குழாய்வழிச் செலுத்தி அதன்பின் தொட்டியில் நிரப்புகிறார்கள். அங்கே ஒவ்வொரு துளியும் கதிரைக் கண்டாக வேண்டும். கதிரின் அளவும் நோய்க்காரணிகளைச் செயலிழக்கச் செய்யும்படி கணக்கிடப்பட்டிருக்கும். விளக்கு ஒன்றுதான், வேலை வேறு. குடிநீர்க் கருவிகளிலும் இந்த வேறுபாடு ஏற்கப்பட்டிருக்கிறது: அமெரிக்காவின் என்எஸ்எஃப் 55 என்னும் தரவரையறையில், நுண்ணுயிர் வகையில் பாதுகாப்பற்ற நீருக்கான ஏ வகுப்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் கதிராற்றலும், ஏற்கெனவே குடிக்கத்தக்க நீருக்குக் கூடுதல் காப்பாக அமையும் பி வகுப்புக்கு 16 மில்லிஜூலும் வகுக்கப்பட்டுள்ளன. மீன்தொட்டிக் கருவியில் நீரோட்டத்தை இரட்டித்தால் நீர் குழாய்க்குள் தங்கும் நேரம் பாதியாகும். அதற்குக் கிடைக்கும் கதிரும் பாதியாகும். பச்சை நீருக்குப் போதுமான ஓட்டத்தில் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயின் நீந்தும் பருவ ஒட்டுண்ணி தப்பிவிடக்கூடும்; அதற்கு ஓட்டத்தை மிகவும் மட்டுப்படுத்த வேண்டும். மீனின் தோலுக்குள் புகுந்துவிட்டதைக் கதிர் எந்த ஓட்டத்திலும் எட்டாது.

ஆகவே நமக்கு வேண்டியது ஒரு சொல் அன்று, இரண்டு. நோய்க்காரணிகளுக்கென அளவிடப்பட்ட, ஒரே ஓட்டக் கருவிக்குப் ‘புறஊதாத் தொற்றுநீக்கி’ என்பது போதும். தொற்றுநீக்கம் என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல், முழுநீக்கத்தை அது உறுதி கூறுவதும் இல்லை. வீட்டுத் தொட்டியிலும் தோட்டக் குளத்திலும் நீரைத் தெளிய வைக்கும் கருவிக்குத்தான் புதுச்சொல் தேவைப்படுகிறது.

‘வடிகட்டி’யை நான் ஏற்காததற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கருவி எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. உள்ளே போனது அனைத்தும் வெளியே வருகிறது. கடைகளில் யூவி ஃபில்டர் என்று கேட்டு வாங்கும் பழக்கம், கேனிஸ்டர் ஃபில்டர் என்னும் மூடிய கலன் வடிகட்டிக்குள்ளேயே விளக்கும் பொருத்தப்பட்டு வருவதால் உண்டானது என்று நினைக்கிறேன். வடிகட்டியும் கூடவே கட்டாயம் வேண்டும்: முன்னால் இருந்தால் கசடு விளக்குக்குப் போகாது, செயலிழந்த பாசி திரண்டு வரும்போது பிடித்துவைப்பதும் அதுவே. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பயனுள்ள பாக்டீரியா வடிகட்டியின் பரப்புகளில் ஒட்டி வாழ்வதால் கதிரால் அதற்குக் கேடில்லை. இரண்டு கருவிகளும் இப்படித் துணையாக நிற்பதால்தான் இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்கிறேன்.

‘தெளிவிப்பான்’ என்ற சொல்லின் கருத்து எனக்கு முழு உடன்பாடு. இடர், அதன் ஒலியில் இருக்கிறது. தெளிப்பான் என்றால் மருந்தடிக்கும் கருவி. பூச்சிமருந்துத் தெளிப்பான், நீர்த்தெளிப்பான் என்று ஊர் முழுக்க வழங்குகிறது. ‘நீர்த்தெளிவிப்பான்’ என்பதை விரைந்து படிக்கும் கண்ணுக்கும், தொலைபேசியில் கேட்கும் காதுக்கும் அது நீர்த்தெளிப்பானாகவே படும். கலைச்சொல்லுக்கு இது சிறு குறை அன்று.

அதனால் ‘தேற்று’ என்னும் வினையை உங்கள் முன் வைக்கிறேன். தேறுதல் என்றால் தெளிதல். தேற்றுதல் என்றால் தெளியச் செய்தல். தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். பானையின் உட்புறத்தில் அதை உரசிவிட்டு ஆற்று நீரை ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்து மேல்நீர் தெளியும் என்பது நம் முன்னோர் அறிந்த முறை, இன்றும் நாட்டு மருந்துக்கடையில் அந்தக் கொட்டை கிடைக்கிறது. நீரைத் தெளியவைப்பது என்னும் பொருளில் தமிழ் தன் கையில் வைத்திருக்கும் வினை இது. ‘நீர்த்தேற்றி’ என்பது ஆறே எழுத்துகளில் நிற்கிறது, வேற்றுமை உருபேற்கவும் இடர்ப்படாது: நீர்த்தேற்றியை, நீர்த்தேற்றியில், நீர்த்தேற்றிக்கு.

இதற்கு எழக்கூடிய மறுப்பு ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் நுண்துகள்களைத் திரளச் செய்து படிய வைக்கின்றன. கதிரோ உயிரணுவைச் செயலிழக்கச் செய்கிறது. முறை வேறாயிருக்க வினை ஒன்றாகலாமா? ஆகலாம் என்றே கருதுகிறேன். தேற்றுதல் என்பது நீரில் விளையும் மாற்றத்தைக் குறிக்கிறதேயன்றி அதற்கான வழியைக் குறிப்பதில்லை. வழியை முன்னடையால் காட்டலாம்: புறஊதா நீர்த்தேற்றி, படிகார நீர்த்தேற்றி. தேற்றுதலுக்கு ஆறுதல் சொல்லுதல் என்ற பொருளும் உண்டே என்று ஓர் அன்பர் எழுதக்கூடும். ‘நீர்’ முன்னால் நிற்பதால் மயக்கம் வராது.

முன்னடையைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 1801இல் ஜெர்மானிய அறிவியலாளர் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெள்ளிக் குளோரைடு விரைந்து கருப்பதைக் கண்டதிலிருந்து அக்கதிர் அறியப்பட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைப் புறஊதா என்கின்றன, இலங்கையில் கழியூதா என்கிறார்கள். பொருளளவில் இரண்டும் சரி. ‘கழியூதா நீர்த்தேற்றி’ என்பதையும் இணைச்சொல்லாகப் பதிந்துவிடலாம்.

உடன் வரும் சில சொற்களையும் சேர்த்தே முடிவு செய்தால் வரையறை எழுத எளிதாகும். மிதப்பதற்கு மிதவைப்பாசி, ஒட்டி வளர்வதற்கு ஒட்டுப்பாசி என்பவை தாமே பொருள் சொல்கின்றன. ஒரு பரப்பின்மேல் விழுந்த மொத்தக் கதிராற்றலுக்குப் ‘படுகதிரளவு’ என்று முன்மொழிகிறேன். படுகதிர் என்பது பாடநூலில் உள்ள சொல். குவார்ட்ஸ் உறையைக் ‘கண்ணாடி உறை’ என்று எழுதவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தைத் தடுத்துவிடும், உடைந்த உறைக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினால் விளக்கு எரியும், வேலை நடக்காது. ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சில மாதங்களிலேயே அந்த உறைமேல் வெண்சுண்ணம் பூத்துவிடும். விரலால் தேய்த்தால் சொரசொரப்பாக இருக்கும், வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால்தான் போகும். அந்தச் ‘சுண்ணப்படிவு’க்கும் விளக்கப் பகுதியில் ஒரு வரி வேண்டும்.

வரையறைக்கு என் வரைவு இது: புறஊதா நீர்த்தேற்றி – குழாய்வழி ஓடும் நீரிலுள்ள மிதவைப்பாசி முதலிய நுண்ணுயிர்களின் பெருக்கத்தைச் சி வகைப் புறஊதாக் கதிரால் தடுத்து, தொட்டி அல்லது குளத்து நீரைத் தெளிவாக வைத்திருக்கும் கருவி, ஒட்டுப்பாசியின்மேல் இது செயற்படாது. விளக்கை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதையும் – நீல ஒளி எரிந்துகொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர் அதற்குள் நலிந்துவிடும் – குழாயைத் திறந்த நிலையில் விளக்கைப் பார்த்தால் கண் புண்படும் என்பதையும் குறிப்பாகச் சேர்க்கலாம்.

‘படுகதிரளவு’ கதிர்மருத்துவத் துறையினர் வேறு பொருளில் ஆளும் சொல்லா என்பதை அத்துறை சார்ந்த அன்பர்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். மறுப்பு இருந்தால் ‘நீர்த்தேற்றி’யை அதனோடு பிணைக்காமல் தனியே வாக்குக்கு விடலாம்.

அன்புடன்.