ஸ்லோவில் குலுங்கும் பழைய அவுட்போர்டு எஞ்சின்: கார்புரேட்டரைக் கழற்றலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் பைபர் வள்ளத்தில் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டர் இரண்டு, கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) ஒன்று. முழு வேகத்தில் குறையின்றி ஓடுகிறது. ஆனால் வலை இழுப்பதற்காக வேகத்தைக் குறைத்தால் குலுங்கிப் புகை கக்குகிறது, சில வேளை நின்றும்விடுகிறது. புதிய பிளக் போட்டும் பயனில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பதில் 1:
அதற்கு முன், மிஸ்ஸடிப்பது (எரியாமல் தவறுவது) ஒரு சிலிண்டரா இரண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் உடலோடு எர்த் செய்துவிட்டு இயக்குங்கள். பிறகு மற்றதற்கும் அப்படியே செய்யுங்கள். எந்த வயரைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. ஓடும்போதே வயரைப் பிடுங்க வேண்டாம்; ஷாக் அடிக்கும், எர்த் இல்லாவிட்டால் ஸ்பார்க்கை உண்டாக்கும் சி.டி.ஐ. யூனிட்டும் கெடலாம். ஒரே கார்புரேட்டர் இரண்டுக்கும் எரிபொருள் கொடுப்பதால், ஸ்லோ ஓட்டத்துக்கு எரிபொருள் விடும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்திருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தடுமாறும். ஒன்று மட்டும் என்றால் வயர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), ரீடு வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் வால்வு), கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பதில் 2:
ஸ்டார்ட் செய்யப் பயன்படுத்தும் பெட்ரோலிலேயே சிறிது நேரம் ஸ்லோவில் ஓட்டிப் பாருங்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்விக்கும் நீரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டு எஞ்சின் சூடேறாமல் இருந்தால், மண்ணெண்ணெய் எரியாமல் பிளக்கை நனைத்துவிடும். பெட்ரோலில் குலுக்கம் மறைந்தால் தெர்மோஸ்டாட்டை முதலில் சந்தேகிக்கலாம்.

கேட்டவர்:
இரண்டையும் செய்தேன். பெட்ரோலிலும் அதே குலுக்கம்தான். கீழ்ச் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓட்டம் மாறவில்லை. அதன் பிளக் நனைந்திருக்கிறது, ஸ்பார்க் நன்றாக வருகிறது. கம்ப்ரஷன் மேலே 110, கீழே 85 பி.எஸ்.ஐ.

பதில் 1:
அப்படியானால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே கவனிக்க வேண்டும். வேகமாக ஓடும்போது கம்ப்ரஷன் கசிய நேரம் போதாது, ஸ்லோவில் கசிந்துவிடுகிறது. உங்கள் எஞ்சின் முழு வேகத்தில் நன்றாக ஓடுவதற்குக் காரணம் அதுவே. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்தான் காரணம். மண்ணெண்ணெய் எஞ்சின்களில் கரி படிந்து ரிங் ஒட்டிக்கொள்வது வழக்கம், கரி நீக்கினாலே சில நேரம் சரியாகிவிடும். ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் தலைப்பகுதியில் கசிவைத் தடுக்கும் தகட்டை) பாருங்கள். எதுவானாலும் சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் புதிய ரிங் வாங்க வேண்டாம்.