வெளியே வைத்ததும் பெகோனியாக் கன்றுகள் கருகுகின்றன

முத்தியால்பேட்டை மாடித்தோட்டக்காரி:
வணக்கம். பொங்கல் கழிந்த வாரத்தில், நாற்றுப்பண்ணையில் நிழல்வலையின் கீழ் வளர்ந்த ஆறு பெகோனியாக் கன்றுகளை வாங்கி வந்து, அன்றே தொட்டி மாற்றி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் வைத்தேன். மூன்றாம் நாளே இலை விளிம்புகள் பழுத்து, தொட்டால் காய்ந்த வெற்றிலையைப் போல நொறுங்கின. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி இருவேளையும் ஊற்றியதில், இரண்டு கன்றுகளின் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்துக் குழைந்து சாய்ந்துவிட்டது. மீதி நான்கையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
சகோதரி, கருகியது வெயிலால், அழுகியது தண்ணீரால். இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம். நிழலில் விரிந்த மெல்லிய இலை பின்னர் வெயில் தாங்கும் இலையாக மாறுவதில்லை. பழகப்போவது இனி விரியும் இலைதான். எனவே நான்கையும் காற்றடிக்காத, வெளிச்சம் மட்டும் படுகிற கிழக்குத் தாழ்வாரத்துக்கு இறக்கிவிட்டுத் துளிர் வரும்வரை பொறுத்திருங்கள். அதன்பின் காலை 7 மணி வெயிலில் அரைமணி நேரம் வைத்தெடுத்து, இரண்டு நாளுக்கொரு முறை அரைமணி கூட்டிக்கொண்டே போனால், 10 நாளில் இரண்டரை மணி நேர வெயிலுக்குப் பழகிவிடும். அதற்கு மேல் தேவையில்லை. விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்றுங்கள். சாய்ந்த கன்றுகளைத் தூக்கி எறியாதீர்கள்: நுனித்தண்டு கெட்டியாக இருந்தால், அழுகாத இடத்தில் நறுக்கி ஈரமணலில் ஊன்றலாம், பெகோனியா எளிதில் வேர்விடும்.

தேவனாம்பட்டினம், கடலூர்:
கடற்கரையோரம் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். உப்புக்காற்றும் உவர்ப்பான போர் தண்ணீரும் இலை விளிம்பைத்தான் முதலில் கருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் இதற்கென ஒதுக்குங்கள். தேங்காய் நார்த்தூளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்னரே மண்ணில் கலக்குங்கள், ஏனெனில் அதிலும் உப்பு இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு பெகோனியாக்கள் ஓடையோர நிழலில், நீர் தேங்காத பாறை இடுக்குகளில் வளர்கின்றன. அந்த இடத்தை மனதில் வைத்துத் தொட்டியை அமைத்தால், தட்டில் தண்ணீர் நிற்க விடமாட்டீர்கள்.

முத்தியால்பேட்டை மாடித்தோட்டக்காரி:
இருவருக்கும் நன்றி அண்ணா. தாழ்வாரத்துக்கு இறக்கி 12 நாளாகிறது. மூன்று கன்றுகளில் சுண்டுவிரல் நகமளவு துளிர் கண்டிருக்கிறது. நான்காவது அப்படியே நிற்கிறது. ஊன்றிய நுனி ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டிருக்கிறது. நாளைக் காலையிலிருந்து அரைமணி வெயில் காட்டத் தொடங்குகிறேன்.