ஓய்வுநாள்: ஏழாம் நாளா, முதல் நாளா?

கேள்வி:
பத்துக் கட்டளைகளில் மற்ற ஒன்பதையும் அப்படியே ஏற்கும் பெரும்பாலான திருச்சபைகள், ஓய்வுநாளை மட்டும் ஏழாம் நாளான சனியிலிருந்து வாரத்தின் முதல் நாளான ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது எப்படி என்பது எனக்கு நெடுநாளாக விளங்கவில்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் மாற்றினார் என்று சிலர் சொல்வது சரியா? சுழற்சி முறையில் வேலை செய்யும் எனக்குப் பாதி ஞாயிறுகள் பணியிடத்திலேயே கழிகின்றன. ஆகவே இதை வெறும் வரலாற்று ஐயமாக நான் கேட்கவில்லை.

மறுமொழி 1:
கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை, நகரங்களில் நீதிபதிகளும் தொழிலாளரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்றது. உழவர்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் உயிர்த்தெழுதலின் நினைவாக ஞாயிறன்று கூடிவரும் வழக்கம் அதற்கு வெகு முன்பே இருந்தது. துரோவா பட்டணத்தில் சீஷர்கள் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் நடபடிகள் 20:7 குறிப்பிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன், விசுவாசிகள் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடி, வேதம் வாசித்து, திருவிருந்தில் பங்குபெற்று, எளியோருக்காகக் காணிக்கை சேர்த்ததை விவரிக்கிறார். பேரரசர் தந்தது விடுமுறையைத்தான். தொழுகை நாளை அவர் தரவில்லை.

மறுமொழி 2:
இவை வழக்கம் உருவான விதத்தைக் காட்டுகின்றன; கட்டளை மாறியதைக் காட்டவில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த நாங்கள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனிக்கிழமை சூரியன் மறைவது வரை ஓய்வுநாளை ஆசரிக்கிறோம். இஸ்ரவேல் என்றொரு ஜனம் தோன்றுமுன்பே, ஆதியாகமம் 2:3இல் தேவன் அந்த நாளை ஆசீர்வதித்துவிட்டார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இரு நாட்களையுமே மதிக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
நான் ஞாயிறு ஆசரிப்பவன். ஆயினும் மேலே உள்ளவரின் கவலையை மதிக்கிறேன். கிழமையைப் பற்றிய வாதத்தில், கட்டளைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு என்பது மறைந்துபோகிறது. யாத்திராகமம் 20 சிருஷ்டிப்பைக் காரணமாகச் சொல்ல, உபாகமம் 5 எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணமாகச் சொல்லி, உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. பதினெட்டு ஆண்டுகள் கூனியாயிருந்த பெண்ணை ஓய்வுநாளில் குணமாக்கிய இயேசு, தண்ணீர் காட்ட எருதை அவிழ்த்துவிடும் நீங்கள் இவளைக் கட்டவிழ்க்கக் கூடாதா என்று கேட்டது (லூக்கா 13) இந்த இரண்டாவது காரணத்தின் தொடர்ச்சி என்றே நான் வாசிக்கிறேன். நாட்களை விசேஷித்து எண்ணுகிறவனும் எண்ணாதவனும் தன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று பவுல் ரோமர் 14இல் இடம் விட்டிருக்கிறார்.

ஆகவே, கேட்டவருக்கு: ஞாயிறன்று பணியில் இருப்பதற்காக உங்கள் மனச்சாட்சி உங்களை வதைக்க வேண்டாம், தேவாலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளிலும் வேலை செய்து குற்றமற்றிருந்ததை மத்தேயு 12:5 சொல்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் வார விடுப்பை மிச்ச வேலைகளுக்குக் கொடுத்துவிடாமல் ஜெபத்துக்கும் வீட்டாருக்கும் ஒதுக்குங்கள். உங்களுக்குக் கீழே பணிபுரிவோர் இருந்தால், அவர்களுக்கும் அப்படி ஒரு நாள் கிடைக்கிறதா என்று பாருங்கள்.