அக்ராவில 2 வருச வேலை: போக முதல் என்னென்ன பார்க்க வேணும்?

பரந்தன் பிள்ளை:
வணக்கம். அத்தானுக்குக் கானாவின்ர தலைநகர் அக்ராவில கட்டட மேற்பார்வையாளர் வேலை சரிவந்திருக்கு. 2 வருச ஒப்பந்தம், பயணம் இன்னும் ஆறு கிழமையில. விசாவும் வேலை அனுமதியும் கொம்பனி பார்க்குதாம். வீடு மட்டும் அவர்தான் தேட வேணும், வாடகைக் காசைச் சம்பளத்தோட மாதாமாதம் தருவினமாம். என்ன ஊசி, எங்க போடுறது, மலேரியாக் குளிசை வேணுமோ, வீடு எடுக்கேக்க எதைக் கவனிக்கிறது, சமையல் சாமான் என்ன கட்டுறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ. அக்காவும் ஆறு மாதத்தால போற யோசனை.

ஓமந்தை:
முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஊசி போட்டதற்குத் தரும் அட்டை இல்லாமல் கானாவுக்குள் போக ஏலாது. கொழும்பில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுவார்கள். கடவுச்சீட்டைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். ஊசி போடும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லுபடியாகும், அதனால் கடைசிக் கிழமைக்கு விடவேண்டாம். 2016 யூலையில் இருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். பழைய அட்டையில் 10 வருடம் என்று இருந்தாலும் அது செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால், வயது 60 தாண்டியிருந்தால், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்தால் ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அக்கா கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது மலேரியா. இதில்தான் எங்கள் ஆட்கள் அசட்டையாக இருக்கிறார்கள். வன்னியில் ஒரு காலம் வீட்டுக்கு வீடு இருந்த காய்ச்சல்தானே என்று நினைக்கிறார்கள். அங்கே உள்ளது பெரும்பாலும் பல்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை. மூளையைத் தாக்கி ஓரிரு நாளில் ஆளைக் கொல்லக்கூடியது. குளோரோகுயின் என்ற பழைய மலேரியாக் குளிசை அதற்கு வேலை செய்யாது. சின்ன வயதில் இங்கே மலேரியா வந்திருந்தாலும் அந்த எதிர்ப்பு இப்போது உடம்பில் நிற்காது.

தடுப்புக் குளிசையை மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது, மாவட்ட மலேரியா அலுவலகத்தில் கேளுங்கள். மெப்லோகுயின் கிழமைக்கு ஒன்று. பயணத்துக்கு 2, 3 கிழமை முன்பே தொடங்க வேண்டும், ஏனென்றால் நித்திரைக் குழப்பம், பதற்றம் வந்தால் இங்கேயே மாற்றலாம். மனநோய், வலிப்பு இருந்தவர்களுக்கு அது கூடாது. டொக்சிசைக்ளின் தினமும் ஒன்று, ஓரிரு நாள் முன்னால் தொடங்கினால் போதும். ஆனால் சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். உடனே படுத்தால் தொண்டைக்குழாய் புண்படும். வெயிலில் நிற்கிறவருக்குத் தோலும் எரியும். கட்டட வேலை என்பதால் அதைக் குளிசை தரும் அதிகாரியிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு டொக்சிசைக்ளின் கூடாது, ஆகவே அக்காவுக்கு வேறாகக் கேட்க வேண்டும்.

குளிசை எடுத்தாலும் மருந்தூட்டிய நுளம்பு வலை வேண்டும். அந்த நுளம்பு கடிப்பது பொழுதுபட்டு விடியும்வரை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. பரசிற்றமோல் போட்டுப் பார்த்து நாளைக்குப் போவோம் என்று இருக்கவே கூடாது. மருந்தைத் தெருவோரப் பெட்டிக்கடையில் வாங்காமல் அனுமதி பெற்ற மருந்தகத்தில் வாங்குங்கள், போலிக் குளிசை உண்டு.

மாங்குளம் சந்தி:
வீட்டைப் பற்றி. மாதாமாதம் வாடகைக் காசு தாற ஏற்பாட்டைக் கையெழுத்து வைக்க முதல் மாத்தச் சொல்லுங்கோ. அக்ராவில வீட்டுக்காரர் கேக்கிறது ஒரு வருச, ரெண்டு வருச வாடகை முழுக்க முற்பணமா. 1963ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல கேக்க ஏலாது, ஆனா சட்டத்தைக் காட்டினா வீடு கிடைக்காது. கொம்பனி முற்பணத்தைக் கட்டி, பிறகு சம்பளத்தில கழிக்கிறதுதான் நியாயமான வழி. தரகருக்கு வழமையா 10 வீதம் வேற போகும்.

முதல் மாதம் தளபாடத்தோட ஒரு அறை எடுத்துக்கொண்டு நேரில பார்த்து முடிவெடுக்கட்டும். படத்தைப் பார்த்து இங்க இருந்து காசு அனுப்பக் கூடாது. ஒரே வீட்டை ரெண்டு மூண்டு பேருக்குக் காட்டிக் காசு வாங்குற ஆக்கள் இருக்கினம். வீட்டுக்காரரின்ர பேருக்கு வங்கியால கட்டி, பற்றுச்சீட்டும் எழுத்து ஒப்பந்தமும் எடுக்க வேணும்.

பாக்கப் போகேக்க:
வெள்ளம். அங்க பெருமழை எங்கட ஐப்பசி கார்த்திகையில இல்லை, வைகாசி ஆனியில. சேர்க்கிள், கனேஷி, அலாஜோ மாதிரிப் பள்ளப் பக்கங்கள் நிரம்பும். 2015 யூன் 3 வெள்ளத்தில சேர்க்கிள் பக்கம் பெற்றோல் நிலையம் ஒண்டு வெடிச்சு, 150 பேருக்கு மேல செத்தவை. மதில்ல பழைய தண்ணிக் கறை எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு பாருங்கோ, முன்னால உள்ள வாய்க்கால் குப்பையால அடைபட்டிருக்கோ எண்டும் பாருங்கோ.
தண்ணி. குழாய்த் தண்ணி எல்லா நாளும் வராது, அதால வீட்டுக்கு வீடு பொலிடாங்க் எண்டுற பெரிய பிளாஸ்ரிக் தாங்கி. ஆளுக்கு நாளொண்டுக்கு 100 லீற்றர் எண்டு வைச்சா, 1,000 லீற்றர்த் தாங்கி ரெண்டு பேருக்கு அஞ்சு நாள். தாங்கி பொதுவோ தனியோ, பம்முக்குக் கறண்ட் ஆற்ற மீற்றரில போகுது எண்டு கேளுங்கோ. குடிக்கிறதுக்கு 500 மில்லிலீற்றர் பக்கெற், ஒரு பையில 30.
கறண்ட். 230 வோல்ற், 13 அம்பியர் சதுர முள் பிளக், இங்கத்தையான்தான். றைஸ் குக்கரை அப்படியே கொண்டுபோகலாம். மீற்றர் முற்பணம் போட்டுப் பாவிக்கிற வகை. அந்த வீட்டுக்கு மட்டும் தனி மீற்றரா, பழைய கடன் ஏறியிருக்கோ எண்டு உறுதிப்படுத்துங்கோ. கறண்ட் போய் உடன வந்தா பிரிட்ஜ் கொம்பிறெசர் அழுத்தம் இறங்க முதல் திருப்பி இழுத்து எரிஞ்சுபோகும். 3 தொடக்கம் 5 நிமிசம் பிந்தி விடுற காப்புக் கருவி ஒண்டு போட வேணும்.

முள்ளியவளை:
சமையலுக்குப் பயப்பட வேண்டாம். மரவள்ளி, வெண்டி, கத்தரி, வாழைக்காய், தேங்காய், நல்ல மீன் எல்லாம் சந்தையில் இருக்கு. கொன்டொமிரே எண்டு விக்கிறது சேம்பின்ர இனத்து இலை, நல்லா அவிய விடாட்டித் தொண்டை அரிக்கும். அங்கத்தைக் குண்டு மிளகாய் ஒண்டு ஒரு சட்டிக் கறிக்குப் போதும், விதையை எடுத்திட்டுப் போடுங்கோ. சிவப்புப் பாமெண்ணெய் எங்கட கறிக்குச் சேராது, நிறமும் மணமும் மாறிப்போகும். பருப்பு, ஆட்டா மா இந்தியக் கடைகளில் வாங்கலாம். மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைக்காது. வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் 2 கிலோ, கொறுக்காய், காயவைச்ச கறிவேப்பிலை கொண்டுபோனால் காணும். தூளை நல்லா ஆறவிட்டு, காத்துப் போகாமல் ரெண்டு பையில் கட்டுங்கோ. சூட்டோட கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கும்பிடப் போக இடம் வேணுமெண்டால், ஒடோர்கோரில் சுவாமி கானானந்த சரஸ்வதி தொடக்கின இந்து மடம் இருக்கு. அவரும் கானா நாட்டவர்தான்.

மாங்குளம் சந்தி:
விட்டது ரெண்டு. 1974இல இருந்து அங்க வாகனம் வலப்பக்கம் ஓடுது. தெருக் கடக்கேக்க முதல் இடப்பக்கம் பாக்க வேணும், எங்கட பழக்கம் அதுக்கு நேர் எதிர். மற்றது காசு. கடைக் கொடுக்கல் வாங்கல் கூடுதலா மொபைல் பணத்தில, அதாவது கைத்தொலைபேசிக் கணக்கால காசு அனுப்புற முறையிலதான் நடக்கும். "மாறி அனுப்பிப்போட்டன், திருப்பி அனுப்புங்கோ" எண்டு அழைப்பு வந்தா, வந்த குறுஞ்செய்தியை நம்பாமல் மிச்சத்தைத் தானே பாக்கோணும். 90 நாளுக்கு மேல நிக்கிற வெளிநாட்டவருக்கு அடையாள அட்டை வேணும், அதைக் கொம்பனிதான் முதல் கிழமையிலயே தொடக்க வேணும்.

பரந்தன் பிள்ளை:
பெரிய உதவி. வாடகைக் கதையை இண்டைக்கே கொம்பனியோட கதைக்கச் சொல்லுறன். ஒண்டு மட்டும்: பொங்கலுக்கு லீவில வரேக்க குளிசையை நிப்பாட்டலாமோ?

ஓமந்தை:
இல்லை. மெப்லோகுயினும் டொக்சிசைக்ளினும் இங்கே வந்து 4 கிழமை தொடர வேண்டும். லீவு ஒரு மாதம் என்றால் ஒரு நாளும் இடைவெளி விடாமல் எடுப்பதே சரி. மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கட்டுநாயக்காவிலும் கேட்பார்கள், கடவுச்சீட்டோடு வைக்கச் சொல்லுங்கள். வந்து ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் என்றாலும் "ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்" என்று ஆஸ்பத்திரியில் முதல் வசனமாகச் சொல்லி மலேரியா இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். டெங்கு என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுவார்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது, ஆனால் பரப்பும் நுளம்பு போகவில்லை. அதற்குப் பிறகு மன்னாரில் ஸ்டிபென்சி என்ற புது இனமும் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். அதனால் அவர் வர முதலே வீட்டுக் கிணற்றுக்கு வலை போட்டு, தாங்கிக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.