வால்வு ஹெட்போன் ஆம்பிளிஃபயரில் ஓயாத ‘உம்’ ஓசை

கேள்வி – காட்பாடியிலிருந்து

வணக்கம். ஒரு ஈசிசி82, ஒரு 6080 ஆகிய இரண்டு வால்வுகளைக் (வெற்றிடக் குழாய்களைக்) கொண்டு, 300 ஓம் ஹெட்போனுக்காக ஓர் ஆம்பிளிஃபயரை நானே கட்டியிருக்கிறேன். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஈசிசி82-இன் பிளேட் (ஒலி வெளிவரும் முனை), நடுவில் கெபாசிட்டர் இல்லாமல், 6080-இன் கிரிட்டுடன் (ஒலி உள்நுழையும் முனையுடன்) நேராக இணைந்திருக்கிறது. வால்வுகளை இயக்கும் உயர் மின்னழுத்தம் (எச்.டி.) 170 வோல்ட். மெயின் டிரான்ஸ்பார்மரை வேலூரில் ஒரு வைண்டிங் கடையில் சுற்றி வாங்கினேன். மற்ற பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன.

பாட்டு ஓடும்போது குறை தெரியவில்லை. பாட்டு நின்ற மறுகணமே ‘உம்’ என்ற ஓசை இரண்டு காதிலும் கேட்கிறது, இடது காதில் சற்றுக் கூடுதலாக. வால்யூமை முழுவதும் குறைத்தாலும் அது அப்படியே இருக்கிறது. மடிக்கணினியை இணைத்தால் கூடவே மெல்லிய ‘கீ’ ஒலியும் சேர்ந்துகொள்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி – ராணிப்பேட்டையிலிருந்து

நண்பரே, முதலில் ஓசையின் அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை நிறுவி, 50 ஹெர்ட்ஸையும் 100 ஹெர்ட்ஸையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, உங்கள் ஆம்பிளிஃபயரின் ஓசை எதனோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் 50 கேட்காது. இன்னொரு ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) வயர்களிலிருந்தோ டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்திலிருந்தோ வருவது பெரும்பாலும் 50 ஆக இருக்கும். பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்கு (ஏசியை டிசியாக்கும் பகுதிக்கு) பின் எஞ்சும் அலை 100 ஆக இருக்கும். அடுத்து ஈசிசி82-ஐக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ஓசை நின்றால் குறை அந்த வால்வு உள்ள பகுதியில், நிற்காவிட்டால் அதற்குப் பின்னால்.

இன்னொன்று, மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் இப்படி இரையும். வேலூர் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சோதிப்பது தவம்தான், ஆனாலும் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

மறுமொழி – குடியாத்தத்திலிருந்து, பழைய வால்வு ரேடியோ மெக்கானிக்

தம்பி, ஈசிசி82-ஐ மட்டும் கழற்றிவிட வேண்டாம். உங்களுடையது நேரடி இணைப்பு என்பதால், அந்த வால்வு இல்லாதபோது 6080-இன் கிரிட் எச்.டி. பக்கம் ஏறிவிடும், அதன் கேத்தோடு முனையிலுள்ள ரெசிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகும், ஹெட்போனிலும் பெரிய அதிர்ச்சி ஒலி பாயும். மேலே எழுதியவர் சொன்ன முறை, இடையில் கெபாசிட்டர் உள்ள சர்க்யூட்டுக்குச் சரி. உங்களுக்கு ஏற்றது இது: சுவிட்சை அணைத்து, கெபாசிட்டர்களில் மின்னழுத்தம் வடிந்துவிட்டதை மல்டிமீட்டரால் உறுதி செய்துகொண்டு, ஈசிசி82-இன் இரண்டு கிரிட்டுகளையும் கிரவுண்டுடன் ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டு மீண்டும் சுவிட்சைப் போட்டுக் கேளுங்கள்.

வால்யூமைக் குறைத்தும் ஓசை மாறவில்லை என்பதே பாதி விடை, ஏனெனில் குறை வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் பழுது பார்த்த இத்தகைய வீட்டுத் தயாரிப்புகளில் பலவற்றில் வால்வின் மேல் குற்றம் இருந்ததில்லை, கிரவுண்டை எங்கே சேர்த்தார்கள் என்பதில்தான் இருந்தது. ரெக்டிஃபயருக்கு அடுத்த முதல் கெபாசிட்டர் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சட்டென்று பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். அதன் நெகட்டிவ், ஒலி வரும் கிரவுண்டு வயரின் வழியாகத் திரும்பினால், அந்த வயரில் எழும் மில்லிவோல்ட்டுகள் ஒலியோடு ஒலியாகக் கலந்துவிடும். முதல் கெபாசிட்டரின் நெகட்டிவைப் பிரிட்ஜின் நெகட்டிவுக்கு நேராகக் கொண்டுபோங்கள். அந்தக் கெபாசிட்டரின் முனையிலிருந்து ஒரே ஒரு வயர் ஒலிப் பகுதிக்குச் செல்லட்டும்.

ஹீட்டரின் 6.3 வோல்ட் சுற்று கிரவுண்டுடன் இணைப்பில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அவை சேரும் இடத்தைக் கிரவுண்டுடன் இணைத்தாலே பெரும்பாலும் அடங்கும். ஹீட்டர் வயர்களை இறுக்கமாக முறுக்கி, கிரிட் வயர்களிலிருந்து விலக்கி, சாசியின் (உலோகப் பெட்டியின்) மூலையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் ஓசை குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 170 வோல்ட் ஓடும் இரும்புப் பெட்டி அது.

கேள்வி கேட்டவரின் பதில்

ஐயா, நன்றி. கிரிட்டுகளைக் கிரவுண்டில் இணைத்த பிறகும் ஓசை அப்படியே இருந்தது. அதிர்வெண் 100. முதல் கெபாசிட்டரின் நெகட்டிவை நான் இன்புட் சாக்கெட்டின் கிரவுண்டிலேயே சால்டர் செய்திருந்தேன், இடம் வசதியாக இருந்தது என்பதற்காக! நீங்கள் சொன்னபடி மாற்றியதும் ஓசையில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது 50 ஹெர்ட்ஸ். இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டதும் வலது காது அமைதியாயிற்று. இடது காதில் மட்டும் மெலிதாக இருந்ததால், டிரான்ஸ்பார்மரின் திருகுகளைத் தளர்த்தி, ஹெட்போனில் கேட்டபடியே பெட்டியின் வெளிப்புறமிருந்து மரக்கட்டையால் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்த்தேன். ஏறத்தாழ கால் சுற்றில் அதுவும் மறைந்தது.

மடிக்கணினியின் ‘கீ’ ஒலி, சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டும்போது வருவதில்லை. இப்போதைக்கு அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.