வங்கி மாறினால் 175 பவுண்: யார் பெயரில் மாறுவது, வரி எவ்வளவு?

ஹரோவாசி:
வணக்கம். எனது நடைமுறைக் கணக்கைத் தன்னிடம் மாற்றினால் ஒரே தடவையாக 175 பவுண் தருவதாக இங்கே பிரித்தானியாவில் ஒரு வங்கி அறிவித்துள்ளது. மற்றொரு வங்கி, மாறுவதற்கென எதுவும் தராவிட்டாலும், மாதம் 1,500 பவுண் உள்ளே வந்தால் ஒவ்வொரு மாதமும் 5 பவுண் வெகுமதி தருகிறது. நான் 40 வீத வரி கட்டுபவன். மனைவி பகுதிநேரமாக வேலை செய்வதால் அவரது ஆண்டு வருமானம் வரி தொடங்கும் எல்லையான 12,570 பவுணைத் தாண்டுவதில்லை. இவற்றுக்கு வரி உண்டா, உண்டென்றால் கணக்கை யார் பெயரில் வைத்திருப்பது இலாபம் என்பதை விபரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

லெஸ்டர் கணக்காளர்:
கேட்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரியான இனாம்தான். வரிச் சட்டத்துக்கு அப்படியல்ல. தனிப்பட்ட வாடிக்கையாளர் ஒருவர் வங்கி மாறியதற்காக ஒரே தடவை பெறும் தொகைக்கு வருமான வரி இல்லை, ஆகவே அந்த 175 பவுணை வரிப் படிவத்தில் காட்ட வேண்டியதில்லை. மாதந்தோறும் வரும் வெகுமதியோ, திரும்பத் திரும்ப வருவதாலேயே 'ஆண்டுக் கொடுப்பனவு' என்ற வகைக்குள் விழுகிறது. வங்கி 20 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மிகுதியைத்தான் தரும். கையில் 5 பவுண் வந்தால் உண்மையான தொகை 6.25 பவுண், 1.25 ஏற்கெனவே வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்குப் போயிருக்கும். உங்கள் பெயரில் என்றால் இன்னும் 20 வீதம் நீங்கள் கட்ட வேண்டும், அதாவது ஆண்டுக்கு 60 பவுண் பெற்று அதில் 15 பவுணைத் திருப்பிக் கொடுப்பீர்கள். மனைவியின் பெயரில் என்றால் ஆர்40 படிவம் மூலம் பிடித்த 15 பவுணை அவர் மீளக் கோரலாம். அதே வெகுமதி உங்களுக்கு 45, அவருக்கு 75. இது வட்டி அல்ல என்பதால், உங்களுக்குரிய 500 பவுண் சேமிப்பு வட்டி விலக்கு இதற்குப் பொருந்தாது. பில் கட்டும்போது அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் கணக்குகள் வேறு. அது விலைக்கழிவு போன்றது, வரி இல்லை. நீங்கள் சுயதொழில் செய்து, அந்தத் தொழிலுக்கான கணக்கை மாற்றினால் மட்டும் 175 பவுணும் தொழில் வருமானமாகிவிடும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
வரிக் கணக்கைத் தம்பி தெளிவாகச் சொல்லிவிட்டார்; மாறும்போது நான் பட்டதைச் சொல்கிறேன். 7 வேலை நாட்களில் கவுன்சில் வரி, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றுக்கான டைரக்ட் டெபிட்கள் (கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கப்படும் கட்டணங்கள்) எல்லாம் தாமாகவே புதிய கணக்குக்கு வந்துவிட்டன, ஆனால் கைத்தொலைபேசிக்கு நான் கொடுத்திருந்தது பழைய வங்கி அட்டையின் இலக்கம் என்பதை மறந்துவிட்டேன். அட்டை வழியாகப் போகும் மாதக் கட்டணங்களை வங்கிகளின் கணக்கு மாற்றுச் சேவை கொண்டுவராது. பழைய கணக்கோடு அந்த அட்டையும் மூடப்பட்டதால் கட்டணம் போகவில்லை, தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினேன். கணக்கு மூடப்படுமுன் பழைய அறிக்கைகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவற்றைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

ஹரோவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் 175 பவுணுக்கு நான் மாறுவதும், மாத வெகுமதிக் கணக்கை மனைவி திறப்பதும் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் மாதம் 1,500 பவுண் என்ற நிபந்தனைக்கு அவருடைய சம்பளம் போதாது. தவிர, எங்கள் வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் நான்கு மாதத்தில் முடிகிறது.

லெஸ்டர் கணக்காளர்:
பல வங்கிகளுக்கு அந்தப் பணம் சம்பளமாகவே வர வேண்டும் என்பதில்லை. உங்கள் கணக்கிலிருந்து மாதம் ஒருமுறை அவருக்கு அனுப்பி, மறுநாள் திரும்ப எடுத்தாலும் நிபந்தனை நிறைவேறும், நிபந்தனைத் தாளை மட்டும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். வீட்டுக் கடன் விடயம்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது. புதிய கணக்குக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி செய்யும் கடன் விசாரணை உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும், அதைப் பார்க்கும் கடன் நிறுவனம் குறைந்த வட்டியில் தரத் தயங்கலாம். வேறொரு கடன் நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால், கடன் கைக்கு வந்த பின்னரே இருவரும் விண்ணப்பியுங்கள். இந்தச் சலுகை அதற்குள் முடிந்துபோனாலும் பரவாயில்லை: கடன் வட்டி கால் வீதம் கூடினாலே, 2 இலட்சம் பவுண் கடனுக்கு ஆண்டுக்கு 500 பவுண் அளவில் போய்விடும்.